போ என்றொரு ஊர்

பிப்ரவரி 3, திங்கள்

மதியம் இரண்டு மணிக்குப் பைலகுப்பே வந்து சேர்ந்தேன். தென்காசியிலிருந்து மதுரை வரை பேருந்து, மதுரையிலிருந்து மைசூர் வரை ரயில், மைசூரிலிருந்து மறுபடியும் பேருந்து. இடுப்பு எங்கே இருக்கிறது என்று தேட வேண்டியிருக்கிறது.

இந்த நோட்டு கட்டம் போட்டது. அவருடையது. நில அளவைத் துறையில் முப்பத்து நான்கு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் வீட்டில் கோடு போட்ட நோட்டு எப்படிக் கிடைக்கும்? கிளம்புகிற அவசரத்தில் கைக்கு அகப்பட்டதைப் பையில் போட்டுக்கொண்டேன். இதில் அவரைப் பற்றி ஒரு வரிகூட எழுதுவதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன். இதுவரை எழுதியது கணக்கில் சேராது.

இது திபெத்திய பிட்சுக்களின் மடம். முந்நூறு பேர் இருக்கிறார்கள். ஆறு வருடத்துக்கு முன்னால் குடகுச் சுற்றுலா வந்தபோது இதை இருபது நிமிடம் பார்த்தேன். தங்க புத்தருக்கு முன்னால் கொஞ்சம் உட்காரலாமே என்று சம்மணம் போட்டால், வாசலில் நின்றபடி ஒருவர் கைக்கடிகாரத்தைத் தட்டித் தட்டிக் காட்டினார். யார் என்று எழுதப் போவதில்லை. இந்த முறை பதின்மூன்றாம் தேதி வரை உட்காரலாம். அதற்குப் பிறகு பெரிய பூஜைக்கு வெளியூர் லாமாக்கள் வருகிறார்கள், அறை கிடையாது.

விருந்தினர் விடுதியைப் பார்த்துக்கொள்பவர் தார்கே என்ற பிட்சு. நாற்பது வயது இருக்கும். நான் எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தைக் கூட்டிப் பெருக்கிப் பேசிக்கொண்டிருந்தேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “ஏனுங்கக்கா, தமிழ்லயே சொல்லுங்க” என்றார். அவருடைய அம்மா கோயமுத்தூரில் குளிர்காலந்தோறும் ஸ்வெட்டர் கடை போட்டவராம். கடையிலேயே வளர்ந்ததில் வந்த தமிழ். அறையில் கம்பளியைக் கொடுக்கும்போது பழக்கதோஷத்தில், “கை வச்சுப் பாருங்கக்கா, சாயம் போகாதுங்க” என்றார். கை வைத்துப் பார்த்தேன். நல்ல சரக்குதான்.

பிப்ரவரி 4, செவ்வாய்

காலை ஐந்து மணிக்கு ஆளுயரக் கொம்பை ஊதுகிறார்கள். தென்காசி டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்த காலத்தில் மழை நாளில் டிரங்க் லைன் இப்படித்தான் இரையும். எனக்கு ஒன்றும் புதிதாக இல்லை.

காலையில் வெண்ணெய் போட்ட உப்பு டீ. முதல் வாயிலேயே கண் நிறைந்துவிட்டது. ஆனாலும் கொடுத்ததை மிச்சம் வைத்துப் பழக்கமில்லையே, மூச்சைப் பிடித்துக்கொண்டு குடித்து முடித்தேன். உடனே ஊற்றினார்கள். அதையும் குடித்தேன். மறுபடி ஊற்றினார்கள். ஐந்தாவது கோப்பையில் தார்கே வந்து காப்பாற்றினார். “அக்கா, காலியாச்சுன்னா இன்னும் வேணும்னு அர்த்தமுங்க. வேண்டாம்னா அப்படியே வச்சிருங்க.” இதை இரண்டாவது கோப்பையில் சொல்லியிருக்கலாம்.

கோயிலைச் சுற்றி வரும் பாதையில் ஒரு வயதான பிட்சு பெஞ்சில் உட்கார்ந்து ஜெபமாலை உருட்டிக்கொண்டிருந்தார். பெயர் பால்தென். வாயில் இரண்டே பல். என்னைப் பார்த்ததும் மலர்ந்து சிரித்தார். நானும் சிரித்தேன். வடக்குப் பக்கம் கையை நீட்டித் தெளிவாகச் சொன்னார்: “போ!”

வடக்கே மடத்தின் வெளிவாசல் இருக்கிறது.

எனக்குக் காது அடைத்துவிட்டது. மூன்று நாளைக்கு முன்னால்தான் ஒருவர் என்னைப் போ என்று சொல்லியிருக்கிறார். சரி, எழுதாமல் இருந்தால் விளங்காது, எழுதிவிடுகிறேன். போன வருடம் எனக்குப் பித்தப்பை ஆபரேஷன் ஆகி, பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து வீட்டுக்கு வந்தால், என் அடுப்படியில் டப்பாவுக்கு டப்பா சீட்டு ஒட்டியிருக்கிறது. சீரகம், சோம்பு, வெந்தயம். எனக்குச் சீரகம் தெரியாதா? பிறகு அளவுக் குவளை வந்தது, எலக்ட்ரானிக் தராசு வந்தது. புளியை நிறுத்தார், பொறுத்தேன். பூண்டை நிறுத்தார், பொறுத்தேன். ஒரு நாள் ரசத்துக்கு உப்பு அள்ளினேன், கைக்குக் கீழே தராசை நீட்டினார். தொடர்ந்து எட்டு நாள் நீட்டினார். எட்டாவது நாள், “என் கையையே நிறுக்கீகளா? ஒரு அடுப்படியில ரெண்டு பேர் நிக்க முடியாது” என்றேன். “அப்ப நீ போ” என்றார்.

மறுநாள் காலை பையோடு வாசலில் நின்று, “போறேன்” என்றேன். வந்துவிட்டேன்.

அவர் வாயால் ‘வா’ என்று சொன்னால்தான் வீட்டுக்குப் போவது. ஒரே ஓர் எழுத்து. அதைச் சொல்லாவிட்டால், பதின்மூன்றாம் தேதி இங்கிருந்து நேரே அம்பாசமுத்திரத்தில் தங்கை செண்பகம் வீட்டுக்குத்தான். அவள் வாசலிலேயே, “அத்தான் வரலியா?” என்று கேட்பாள். கேட்டால் கேட்கட்டும்.

பிப்ரவரி 5, புதன்

அவரிடமிருந்து முதல் செய்தி: “கேஸ் ரெகுலேட்டரை மூடிவிட்டுத்தான் போனாயா?”

பதிலுக்குத் தங்க புத்தரைப் படம் எடுத்து அனுப்பினேன்.

“இது ஏற்கெனவே பார்த்த இடம்தானே” என்று வந்தது. செல்போனைத் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டு மண்டபத்தில் போய் இரண்டு மணி நேரம் உட்கார்ந்தேன். மனதை ஒருமுகப்படுத்த வேண்டுமாம். நன்றாகவே ஒருமுகப்பட்டது, ஒரே ஆளின் மீது.

திரும்பும் வழியில் பால்தென் பெஞ்சில் இருந்தார். “போ!”

பிப்ரவரி 6, வியாழன்

இன்றைக்கும் போ. மூன்று முறை. ஒருமுறை என் கையைப் பிடித்துக்கொண்டு.

பிப்ரவரி 7, வெள்ளி

பொறுக்க முடியாமல் தார்கேயிடம் முறையிட்டேன். “நான் என்ன தப்பு செஞ்சேன்? அந்தப் பெரியவர் தினமும் என்னைப் போ போங்காரு. செருப்பைத் தப்பான இடத்துல விட்டுட்டேனா?”

தார்கே அப்படியே படியில் உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ஒரு பிட்சு இவ்வளவு சிரிக்கலாமா என்று எனக்குத் தெரியவில்லை.

“அக்கா, போ-ன்னா எங்க ஊருங்க! திபெத்துன்னு நீங்கதான் சொல்றீங்க. எங்க பாஷையில அதுக்குப் பேரே போ-தானுங்க. நான் அங்கிருந்து வந்தவன், நீ எந்த ஊருன்னு கேக்கறாருங்க.”

நான் நான்கு நாளாக ஒரு மனிதரின் ஊர்ப் பெயரைக் கேட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு போயிருக்கிறேன்.

பெஞ்சுக்குப் போனோம். தார்கே கேட்டுக் கேட்டுச் சொன்னார். பால்தென் பன்னிரண்டு வயதில் மாமாவோடு பனியில் நடந்து இந்தப் பக்கம் வந்தவர். அவர் கிளம்பும்போது அம்மா யாக் மாட்டைத் தேடி மலைக்குப் போயிருந்தாள். நாலு நாளில் திரும்பிவிடலாம் என்று சொல்லிக்கொள்ளாமலே கிளம்பிவிட்டார். அறுபத்தாறு வருடம் ஆகிவிட்டது. “இன்னும் சொல்லிக்கலைன்னு சொல்றாருங்க” என்றார் தார்கே. பால்தென் அதற்கும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார். எனக்குத்தான் என்னவோபோல் ஆகிவிட்டது.

விடைபெறுவதற்கு அவர்களிடம் ஒரு வழக்கம் இருக்கிறது. போகிறவரைப் பார்த்து இருப்பவர் “கலே பே” என்பார், மெதுவாகப் போங்கள். இருப்பவரைப் பார்த்துப் போகிறவர் “கலே ஷூ” என்பார், மெதுவாக இருங்கள். இருப்பதில்கூட என்ன அவசரம் என்று எனக்குப் புரியவில்லை, ஆனால் கேட்க நன்றாக இருந்தது. மரியாதைக்குப் பெயரோடு ‘லா’ சேர்ப்பார்களாம். என்னை உலகம்மாள்-லா என்கிறார்கள். நான் தென்காசிக்காரி, எனக்கும் ‘சொன்னேன்லா’, ‘வந்தேன்லா’ என்று பேச்சு ‘லா’ இல்லாமல் முடியாது. ஒட்டிக்கொண்டோம்.

“நீங்க கிளம்பறப்ப என்னக்கா சொல்லுவீங்க?” என்று தார்கே கேட்டார்.

“நாங்க போறேன்னு மட்டும் சொல்லவே மாட்டோம். அது அபசகுனம். போயிட்டு வாரேன்னுதான் சொல்லு...” என்று ஆரம்பித்தேன். பிறகு, மதியச் சாப்பாடு என்ன என்று கேட்டுப் பேச்சை மாற்றிவிட்டேன்.

பிப்ரவரி 8, சனி

பால்தென் என் ஊர்ப் பெயரைப் பாடம் செய்துவிட்டார். காலையில் என்னைக் கண்டதும் விரலை என் பக்கம் நீட்டி “தென்காசி!” என்கிறார். பிறகு தன் நெஞ்சைத் தொட்டு, “போ!”

அதாவது, நீ தென்காசி, நான் போ. அர்த்தம் தெரிந்த பிறகும் காதில் விழுவது என்னவோ, தென்காசி போ.

அவரிடமிருந்து செய்தி: “பால் வாங்கினேன்.” சரி, அதற்கு நான் என்ன செய்ய?

பிப்ரவரி 9, ஞாயிறு

மடத்தில் பாதிப் பேருக்குச் சளி. மந்திரம் சொல்லும்போது நடுநடுவே ஐம்பது பேர் சேர்ந்து இருமுகிறார்கள். தார்கே மூக்கைத் துடைத்துக்கொண்டே வந்து நின்றார்.

“அக்கா, கோயமுத்தூர்ல காய்ச்சல் வந்தா பக்கத்து வீட்டக்கா ஒரு தண்ணிக் கொழம்பு குடுப்பாங்க. மொளகு போட்டு. குடிச்சா மூக்கு தொறந்துக்கும். உங்களுக்குத் தெரியுமுங்களா?”

“ரசமா? ரசம் தெரியாம ஒருத்தி இருப்பாளா? நாளைக்கே வச்சிருவோம்.”

வீறாப்பாகச் சொல்லிவிட்டுச் சமையற்கூடத்தைப் போய்ப் பார்த்தேன். தொட்டியா அண்டாவா என்று தெரியாத ஒரு பாத்திரம். உள்ளே இறங்கி நீந்தலாம். முந்நூறு பேருக்கு எவ்வளவு புளி? என் வீட்டில் என்றால் எலுமிச்சை அளவு. முந்நூறு பேருக்கு முந்நூறில் பாதி எலுமிச்சையா? என் கைக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. கையோ இரண்டு பேருக்கு மேல் பழகவில்லை.

யாரைக் கேட்பது என்று ஒரு மணி நேரம் யோசித்தேன். யோசிக்க என்ன இருக்கிறது, பூமியில் என் ரசத்தை நிறுத்து வைத்திருப்பது ஒரே ஆள்தான். அனுப்பினேன்: “ரசம். முந்நூறு பேர்.” ஒரு சொல் அதிகம் எழுதவில்லை.

நான்கே நிமிடத்தில் ஒரு நோட்டுப் பக்கத்தைப் படம் பிடித்து அனுப்பினார். கட்டம் போட்ட நோட்டு, சிவப்பு மையில் அடிக்கோடு. இடப்பக்கம் இருவருக்கான அளவு, வலப்பக்கம் பென்சிலில் புதிதாகப் பெருக்கியது. தண்ணீர் 75 லிட்டர். புளி 2 கிலோ 700. மிளகு 600 கிராம், சீரகமும் அதுவே. பூண்டு 900. “பெருங்காயத்தை மட்டும் இப்படிப் பெருக்காதே, பாதி போதும்.” அது சரி, இது எப்படித் தெரியும் இவருக்கு?

கடைசி வரி: “உப்பு: 150 உலகு.”

கிராமுக்குப் பதில் தவறி என் பெயர் வந்துவிட்டது போல. “உலகு என்றால்?” என்று கேட்டேன். இதற்கு மட்டும் பதில் வர அரை மணி நேரம் ஆனது.

“நீ ஒரு தடவை அள்ளும் அளவு. எட்டு நாள் நிறுத்தேன். எட்டும் வேறு வேறு. ரசம் மட்டும் ஒரே ருசி. அளவுக்கு அடங்கவில்லை, அதனால் பெயர் வைத்துவிட்டேன்.”

இன்றைக்கு இவ்வளவு போதும்.

பிப்ரவரி 10, திங்கள்

வைத்துவிட்டேன்!

காலை ஆறு மணிக்கு ஆரம்பம். நான்கு பிட்சுக்கள் புளி கரைத்தார்கள், முழங்கை வரை. மிளகு தட்டிய ஓசையில் மண்டபத்து மேளம் தாளம் தப்பியதாகத் தார்கே சொன்னார். மற்றதெல்லாம் தராசில் நிறுத்தாயிற்று. உப்புக்குத் தராசு வேலைக்கு ஆகாது. ஸ்டூல் போட்டு ஏறி நின்று, நானே அள்ளி அள்ளிப் போட ஆரம்பித்தேன். ஒன்று, இரண்டு, மூன்று. பதினேழில் யாரோ தும்மினார்கள், எண்ணிக்கை போய்விட்டது.

அப்போதுதான் பால்தென் வந்தார். ஒரு பெண் ஸ்டூலில் நின்று முணுமுணுத்துக்கொண்டே வெள்ளையாக எதையோ பாத்திரத்தில் தூவுவதைப் பார்த்திருக்கிறார். ஏதோ எங்கள் ஊர்ப் பூஜை என்று நினைத்துவிட்டார். பக்கத்தில் நின்று ஜெபமாலையை எடுத்து, நான் ஒரு கை போட்டால் அவர் ஒரு மணி உருட்டினார். விட்ட இடத்திலிருந்து பதினெட்டு என்று வைத்துக்கொண்டு தொடர்ந்தோம். மாலையில் நூற்றெட்டு மணி. ஒரு சுற்று முழுசாக முடிந்ததும் கையைத் தூக்கி நிறுத்தச் சொன்னார். நான் விரலால் மேலும் நாற்பத்திரண்டு பிடித்துக் காட்டிய பிறகு தலையாட்டிவிட்டு மறுபடி உருட்டினார். மாலை ஒன்றிலிருந்து எண்ணியதில் நான் முதலில் போட்ட பதினேழு சேரவில்லை என்று எல்லாம் போட்டு முடித்த பிறகுதான் உறைத்தது. பதினேழு உலகு அதிகம். எழுபத்தைந்து லிட்டரில் யாருக்குத் தெரியப் போகிறது?

மதியம் முந்நூறு பேரும் டம்ளரோடு வந்தார்கள். பால்தென் ஒரு வாய் குடித்துவிட்டுக் கண்ணை மூடினார். நான் பயந்துபோனேன். பிறகு மூக்கிலிருந்து பெரிய சத்தம். பிறகு டம்ளரை நீட்டினார். நிரப்பினேன், குடித்தார், நிரப்பினேன். காலியானால் இன்னும் வேண்டும் என்று அர்த்தம். எனக்கா தெரியாது!

அவருக்குச் செய்தி அனுப்பினேன்: “சரியாக வந்தது.”

“உப்பு?”

“சரிதான்” என்று பொய் சொன்னேன்.

பிப்ரவரி 11, செவ்வாய்

அந்தப் படத்தை இன்றைக்குப் பெரிதாக்கிப் பார்த்தேன். சும்மாதான், பெருங்காயக் குறிப்பை மறுபடி படிக்கலாமே என்று. பக்கத்தின் மேல் மூலையில் அவர் வழக்கப்படி தேதி போட்டிருக்கிறார். தொடக்கம்: 27-3-24.

அன்றைக்குத்தான் எனக்கு ஆபரேஷன்.

தேதிக்குக் கீழே முதல் வரி அடித்திருந்தது. படிக்க முடிகிறது. “புளி: ? தண்ணீர்: ? முதலில் எது?”

அன்று மாலை நான் கண் விழித்தபோது ஓட்டல் இட்லிப் பொட்டலத்தோடு பக்கத்தில் நின்றார். வலது கை விரலில் பெரிய கொப்புளம். என்னவென்று கேட்டதற்கு, இஸ்திரிப் பெட்டி சுட்டுவிட்டது என்றார். எங்கள் வீட்டில் இஸ்திரிப் பெட்டி கிடையாது. மயக்கத்தில் இருந்ததால் கேட்காமல் விட்டிருக்கிறேன்.

பிப்ரவரி 12, புதன்

மண்டபத்தில் உட்கார்ந்தேன். மனம் ஒருமுகப்படவில்லை. நாளைக்குக் கிளம்ப வேண்டும், இன்னும் ‘வா’ வரவில்லை.

பிப்ரவரி 13, வியாழன்

மைசூர்ப் பேருந்தில் எழுதுகிறேன். எழுத்து ஆடினால் சாலையைக் கேட்கவும்.

பத்து மணிக்கு அறையைக் காலி செய்தேன். தார்கே பையைத் தூக்கிக்கொண்டு வாசல்வரை வந்தார். “அக்கா, எந்த ஊருக்குங்க? அம்பாசமுத்திரம்னு சொன்னீங்களே, பஸ்காரர்கிட்ட கேக்கட்டுங்களா?”

நான் பதில் சொல்வதற்குள் பால்தென் தடியை ஊன்றி ஊன்றி வந்துவிட்டார். என்னை விரலால் தொட்டார். “தென்காசி.” தன் நெஞ்சைத் தொட்டார். “போ.”

நான்கு நாளில் திரும்பலாம் என்று சொல்லிக்கொள்ளாமல் வந்தவர். இந்த மனிதருக்குப் போவதற்கு ஊரும் இல்லை, போயிட்டு வாரேன் சொல்ல ஆளும் இல்லை. எனக்கு இரண்டும் இருக்கிறது, இருந்துகொண்டு ஓர் எழுத்துக்காகப் பத்து நாளாக முறுக்கிக்கொண்டு நிற்கிறேன். என் மேலேயே எனக்குக் கோபம் வந்தது. அங்கேயே செல்போனை எடுத்தேன். ஊரார் எல்லாருக்கும் லைன் போட்டுக் கொடுத்தவள், என் வீட்டுக்கு ஒரு லைன் போட இத்தனை நாளாகியிருக்கிறது.

முதல் மணியிலேயே எடுத்தார். எடுத்தாரே தவிரப் பேசவில்லை. லைனுக்கு உயிர் இருக்கிறதா என்பது மூச்சை வைத்தே எனக்குத் தெரியும். இருந்தது.

“நான்தான்” என்றேன்.

“ம்.”

“அந்த நோட்டுல தேதியப் பார்த்தேன். விரல்ல கொப்புளம் எப்படி வந்திச்சின்னும் தெரிஞ்சு போச்சு.”



“டாக்டர் கையெழுத்து கேட்டாரு, போட்டேன்” என்றார். “நீ முழிக்கையில ரசம் கொண்டாரலாம்னு வீட்டுக்கு ஓடியாந்தேன். அடுப்படியில நிக்கேன், எந்த டப்பாவுல என்ன இருக்குன்னு தெரியல. முப்பத்தாறு வருஷம் சாப்பிட்டிருக்கேன், ஒரு ரசம் வைக்கத் தெரியல உலகு. நீ இல்லாமப் போயிட்டா இந்த ருசியும் இல்லாமப் போயிருமேன்னு பயந்துட்டேன். அதான் எல்லாத்தையும் எழுதி வச்சேன்.”

அழுகை வந்தால் சண்டை போடுவதுதான் என் வழக்கம். “இதை அன்னைக்கே வாயைத் தொறந்து சொல்லிருக்கலாம்லா? தராசை நீட்டுனா எனக்கு என்ன தெரியும்? சரி, பத்து நாளா ஒரு வார்த்தை வான்னு ஏன் கூப்பிடல?”

“நீ வாசல்ல என்ன சொன்ன?”

நான் செல்போனை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

“போறேன்ன. போயிட்டு வாரேன்னு சொல்லல. வாரேன்னு சொல்லாதவள எப்படி வான்னு கூப்பிடச் சொல்லுத? அந்தச் சொல்லு இன்னும் வாசல்லயேதான் கெடக்கு. தாண்டித் தாண்டித்தான் பால் வாங்கப் போறேன்.”

தார்கே பையை வைத்துக்கொண்டு மரத்தைப் பார்த்தார். பால்தென் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் எழுநூறு கிலோமீட்டர் தள்ளி, பதினோரு நாள் தாமதமாக, எங்கள் வீட்டு வாசலில் நிற்கிறவள்போல் நின்று சொன்னேன்.

“போயிட்டு வாரேன்.”

அந்தப் பக்கம் பெருமூச்சா, இருமலா, தெரியவில்லை. பிறகு சொன்னார்:

“பைய வா.”

கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினால் பால்தென் கையை உயர்த்தி, “கலே பே” என்கிறார். எங்கள் ஊர்ப் ‘பைய’வும் அவர்களுடைய ‘கலே’யும் ஒன்றுதான், மெதுவாக; பாஷைதான் வேறு. “கலே ஷூ” என்று சொல்லிவிட்டுப் பேருந்தில் ஏறினேன். தார்கே ஜன்னல் பக்கம் ஓடி வந்து, “அக்கா, அடுத்த வருஷம் சளி புடிக்கறப்ப வாங்க” என்றார்.

நான் கேட்டது ஓர் எழுத்து. கொடுத்தது மூன்று. எதையும் அளந்தே கொடுக்கிற மனுஷன், இன்றைக்குக் கை கொஞ்சம் தாராளம்.